குழந்தைக்குமா நீரிழிவு?

ஆனி மாதம் பிறந்துவிட்டால் குற்றாலத்துக்குத் தனிக் களை வந்துவிடும். மலை முகட்டில் மேகம் இறங்கும். மெல்லிய சாரல் வீசும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் அலைமோதும். சற்றுத் தள்ளியிருக்கும் தென்காசியிலும் அந்தக் குளிர்ந்த காற்று வீட்டுக்கு வீடு நுழைந்து விளையாடும்.

அந்தக் காற்றின் மேல் சில வேளை வீண் பழியும் விழுவதுண்டு. தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பீடித் தட்டை மடியில் வைத்து இலை சுருட்டிக்கொண்டிருக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய எட்டு வயது மகன் ராத்திரியில் நாலு தடவை எழுந்து வெளியே போகிறான். என்றோ நின்றுபோன பழக்கம், படுக்கையை நனைப்பது, மறுபடியும் வந்திருக்கிறது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறான். பள்ளிக்கூடம் திறந்தபோது தைத்த சட்டை இப்போது தொளதொளவென்று தொங்குகிறது.

"என்ன அத்தே, பிள்ளை இப்படி வத்திப் போறானே?" என்று கேட்கிறாள் தாய்.

"சாரக் காத்துட்டீ! குளுருக்கு ஒண்ணுக்குப் போவத்தான் செய்யும். காத்து நின்னா எல்லாம் சரியாப் போவும்" என்று தேற்றுகிறாள் மாமியார்.

காற்று நிற்கிறது. பையனுக்குச் சரியாகவில்லை. ஒரு நாள் வாந்தி, வயிற்று வலி. எதையோ வாங்கித் தின்றுவிட்டான் என்று ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள். மறுநாள் பெருமூச்சு வாங்குகிறது. மூச்சில் பழம் அழுகிய வாடை வருகிறது. பயந்த கோளாறு என்று வேப்பிலை அடிக்க ஒருவர் வருகிறார். கண் செருகத் தொடங்கிய பிறகுதான் ஆட்டோ வருகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அங்கே பையனின் விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ், டாக்டரை அழைக்க ஓடுகிறாள்.

"குழந்தைக்குமா நீரிழிவு?" என்று திகைத்து நிற்கிறாள் தாய்.

இந்தத் தாய் கற்பனைதான். ஆனால், குழந்தை வைத்தியர் எவரும் இந்தக் கதையைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார். அந்த ஒரு துளி ரத்தத்தை மூன்று வாரத்துக்கு முன்பே பார்த்திருந்தால், பையன் தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பான்.

வேலியே பயிரை மேய்ந்தால்?

நீரிழிவு என்றதும் நம் கண்முன் வருபவர், நாற்பது வயதைத் தாண்டியவர். சற்றே தொந்தி உள்ளவர். சர்க்கரை இல்லாத காப்பி கேட்பவர். அது ஒரு வகை. குழந்தைகளையும் வாலிபர்களையும் பிடிக்கும் வகை வேறு. இதை 'முதல் வகை நீரிழிவு' என்பார்கள். மிட்டாய் தின்றதால் வருவதல்ல இது; தாய் தகப்பன் செய்த குற்றத்தால் வருவதும் அல்ல.

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சின்னஞ் சிறு தீவுகளைப் போலச் செல் கூட்டங்கள் சிதறிக் கிடப்பதை 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் பூதக்கண்ணாடியில் கண்டார். அந்தத் தீவுகளில்தான் இன்சுலின் சுரக்கிறது. சாப்பிட்ட உணவு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை உடம்பின் செல்களுக்குள் போவதற்குச் சாவி, இன்சுலின். சாவி தொலைந்தால் ரத்தத்தில் சர்க்கரை வெள்ளமாகப் பெருகும். செல்களோ பட்டினி கிடக்கும். 'வீடு நிறைய நெல் இருந்தும் அடுப்பு எரியவில்லை' என்கிற கதைதான்.

சாவியைத் தொலைத்தது யார்? வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்த்துப் போராட உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. சில குழந்தைகளுக்கு அந்தப் படை, காரணம் முழுதும் விளங்காத விதத்தில், சொந்தக் கணையத்தையே பகையென்று நினைத்துத் தாக்கிவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. மேய்ச்சல் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் ஓசையில்லாமல் நடக்கிறது. பயிரில் பெரும் பகுதி போன பிறகுதான் தாகமும் மெலிவும் வெளியே தெரிகின்றன.

1922-க்கு முன் இந்த நோய் வந்த குழந்தை பிழைப்பது அரிது. உணவைக் குறைத்துப் பட்டினி போட்டுச் சில மாதம் நாளை நீட்டுவார்கள், அவ்வளவே. 1921-ல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அந்த மருந்து ஊசி மூலம் ஏற்றப்பட்டது. சாகக் கிடந்த பையன் மேலும் 13 வருஷம் வாழ்ந்தான். 1948-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். ஆக, தமிழ்நாட்டுக்கு இந்த வைத்தியம் புதிதல்ல. குழந்தைகளுக்கும் இது வரும் என்ற எண்ணந்தான் இன்னும் பலருக்குப் புதிது.

புது எண்ணமாக இருக்கலாகாது. சர்வதேச நீரிழிவு சம்மேளனத்தின் 2021-ஆம் வருஷத்துக் கணக்குப்படி, இந்தியாவில் 20 வயது நிரம்பாத முதல் வகை நோயாளிகள் 2 லட்சத்துக்கு மேல். உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை.

வரும் முன் தெரியுமா?

மேய்ச்சல் ஓசையில்லாமல் நடக்கிறது என்றாலும் தடயம் இல்லாமல் நடப்பதில்லை. காவல் படை யாரைத் தாக்கினாலும், தாக்குவதற்கென்று 'எதிர்ப்பொருள்' என்ற ஆயுதத்தை வார்த்து ரத்தத்தில் விடும். கணையத்தைக் குறிவைத்த எதிர்ப்பொருள்கள் நோயாளிகளின் ரத்தத்தில் இருப்பதை 1974-ல் லண்டனில் பொட்டாசோ, டோனியாக் முதலான ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னார்கள். பின்னர் அவற்றில் பல ரகங்கள் பிரித்தறியப்பட்டன. இரண்டு ரகங்களோ அதற்கு மேலோ ஒரு குழந்தையின் ரத்தத்தில் தென்பட்டால், பத்துப் பேரில் ஏழு பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் நோய் வெளிப்பட்டுவிடும் என்று 2013-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. ஒரே ஒரு ரகம் மட்டும் இருந்தால் அவ்வளவு பயமில்லை.

இந்த எதிர்ப்பொருள்களைக் கண்டுபிடிக்க முன்பெல்லாம் கதிரியக்கப் பொருள்களும், கைதேர்ந்த ஆட்களும், பல நாள் அவகாசமும் வேண்டியிருந்தன. 2014-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஒரு சின்னஞ் சிறு கண்ணாடிச் சில்லை அறிமுகப்படுத்தினார்கள். அதன் மேல் தங்கத்தின் நுண்ணிய துகள்கள் தீவு தீவாகப் படிந்திருக்கும். விரல் நுனி ரத்தத்தை அதில் இட்டால், எதிர்ப்பொருள் இருக்குமிடம் ஒளிரும். தங்கம் அந்த ஒளியைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும். கதிரியக்கம் வேண்டாம். பல நாள் காத்திருக்க வேண்டாம். சில நிமிஷம் போதும். ஒரு சில்லுக்கு ஆகும் செலவு சுமார் 20 டாலர். ஒன்றை வைத்துப் பதினைந்து பேருக்கு மேல் பார்க்கலாம் என்றார்கள். பத்து வருஷத்துக்கு மேலாகியும் அது ஊர்தோறும் பரவிவிடவில்லை என்பது வேறு விஷயம்.

ஜெர்மனியின் பவேரியா மாகாணத்தில் 2015 முதல் குழந்தை வைத்தியர்கள் சாதாரண உடல் பரிசோதனைக்கு வரும் சிறுவர்களின் விரலில் ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். முதல் 90,000 குழந்தைகளைப் பார்த்ததில், ஆயிரத்துக்கு மூன்று பேர் வீதம் நோய் உள்ளே கருக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்தப் பெற்றோருக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்தார்கள். பிறகு நோய் வெளிப்பட்டபோது மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. 2023 செப்டம்பரில் இத்தாலி, நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யச் சட்டமே இயற்றியது.

முன்கூட்டித் தெரிந்தால் நோயைத் தடுத்துவிடலாமா? இல்லை, தள்ளிப் போடலாம். 2022 நவம்பரில் அமெரிக்க சர்க்கார் அனுமதித்த டெப்லிசுமாப் என்ற மருந்தைத் தொடர்ந்து 14 நாள் நரம்பில் ஏற்றினால், நோய் வெளிப்படுவது சராசரி இரண்டு வருஷம் தள்ளிப் போகிறது. விலையைக் கேட்டால் தலை சுற்றும்: நம் பணத்தில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல்!

சர்க்கரை ஒன்று, காரணம் பல

ஒன்றரைக் கோடி ரூபாய் மருந்துக்கும் தென்காசிக்கும் வெகு தூரம். அப்படியானால் எதிர்ப்பொருள் சோதனை இங்கே எதற்கு என்று கேட்கலாம். மேல்நாட்டைவிட இங்கேதான் அதற்கு அதிக வேலை இருக்கிறது. நம் பக்கத்தில் ஒல்லியான ஒரு வாலிபனுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறினால், அது முதல் வகையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

செங்கோட்டையைத் தாண்டி, புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாய் ஏறினால் கேரளம். அங்கே 1960-களில் டாக்டர் கீவர்கீஸ், கணையத்தில் கல் விழுந்து, அதனால் சிறு வயதிலேயே நீரிழிவு கண்ட நோயாளிகள் பலரை ஆராய்ந்து எழுதினார். 1959-லேயே இந்தோனேசியாவில் ஸூய்டெமா என்பவர் இத்தகைய நோயாளிகளை விவரித்திருந்தார். மரவள்ளிக் கிழங்கே காரணம் என்று ஒரு காலத்தில் கிழங்கின் மேல் குற்றம் சாட்டினார்கள். அந்தக் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. பரம்பரைக் காரணங்களும் உண்டு என்று இன்று தெரிகிறது. இந்நோய் முன்னைவிடக் குறைந்திருக்கிறதே தவிர, ஒழிந்துவிடவில்லை. வயிற்றை எக்ஸ்ரே எடுத்தால் கல் தெரியும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், நியூயார்க் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, ஊட்டமின்றி வளர்ந்த ஒல்லியான வாலிபர்களுக்கு வரும் நீரிழிவை நுணுக்கமாகப் பரிசோதித்து 2022-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இது முதல் வகையும் இல்லை, இரண்டாம் வகையும் இல்லை, தனி ரகம் என்றார்கள். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய சர்வதேச நீரிழிவு மாநாடு அதற்கு 'ஐந்தாம் வகை' என்று பெயர் சூட்டியது. ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் மரபணுக் கோளாறு. அவர்களில் சிலருக்கு ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரை கொடுத்தாலே போதும்.

வகை மாறினால் வைத்தியம் மாறும். முதல் வகைக் குழந்தைக்கு ஊசியை ஒரு நாள் நிறுத்தினாலும் ஆபத்து. ஐந்தாம் வகை வாலிபனுக்கு அளவுக்கு மீறி ஊசி போட்டாலோ சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவான். எந்தப் பூட்டு என்று தெரியாமல் சாவி போடுவது வைத்தியமாகுமா? வகையைப் பிரித்தறிய எதிர்ப்பொருள் சோதனை ஒரு நல்ல உரைகல். அதையே முற்றிலும் நம்பிவிடவும் முடியாது. எதிர்ப்பொருள் தென்படாத முதல் வகைக் குழந்தைகளும் இந்தியாவில் உண்டு. உரைகல்லோடு தட்டானின் கண்ணும் வேண்டும் அல்லவா?

மூலிகைக் கடையும் ஊசி மருந்தும்

குற்றாலத்தில் குளித்துத் துவட்டிக்கொண்டு வருபவர்கள் கடைத்தெருவில் நிற்காமல் போவதில்லை. மங்குஸ்தான், ரம்புட்டான், நேந்திரங்காய் வற்றல், அடுத்தாற்போல் மூலிகைக் கடை. ஆவாரம்பூப் பொடி, நாவற்கொட்டைப் பொடி, சர்க்கரைக்கொல்லி என்று பெயர் பெற்ற சிறுகுறிஞ்சான் இலை. பொதிகை மலையும் சித்தர் மரபும் இந்தச் சீமையின் பெருமை. நீரிழிவை 'மதுமேகம்' என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். எறும்பு மொய்க்கும் சிறுநீரை அடையாளமாகச் சொன்னார்கள். அந்த அறிவை இகழ்வதற்கில்லை.

ஆனால் ஒன்றைத் தயவு தாட்சணியம் இல்லாமல் சொல்லியாக வேண்டும். இலையோ, பொடியோ, கஷாயமோ முதல் வகைக் குழந்தைக்கு இன்சுலினாக ஆகாது. இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோன இடத்தில், சுரப்பைத் தூண்டுகிறேன் என்று வரும் மருந்துக்கு அங்கே என்ன வேலை? கிணறே தூர்ந்த பிறகு ஏற்றம் கட்டி என்ன பயன்? 'நாற்பத்தெட்டு நாள் ஊசியை நிறுத்திவிட்டு இதைக் கொடுங்கள்' என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தக் குழந்தையின் உயிரோடு விளையாடுகிறார். நாற்பத்தெட்டு நாள் எதற்கு? இரண்டு மூன்று நாளிலேயே காரியம் கைமீறிவிடும்.

பெற்றோர் ஏன் அந்தச் சொல்லுக்கு மயங்குகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். பெண் குழந்தையாக இருந்தால், 'ஊசி போடுகிற பெண்ணை யார் கட்டுவார்கள்?' என்ற கவலை முதல் நாளே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் ஊசி போடுகிறவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. மறைத்ததன் பலன், வகுப்பில் சர்க்கரை தாழ்ந்து குழந்தை தடுமாறினால் ஒரு கரண்டி சர்க்கரை கொடுக்கக்கூட ஆசிரியைக்குத் தோன்றாது. ஒழுங்காக ஊசி போட்டுக்கொண்டவர்கள் படித்து, உத்தியோகம் பார்த்து, பிள்ளை பெற்று வாழ்கிறார்கள் என்பதை ஊர் அறிய வேண்டும்.

சுவரொட்டி செய்த அதிசயம்

இத்தாலியில் பார்மா என்று ஒரு வட்டாரம். அங்கே 1991-க்கு முன், நோய் கண்ட குழந்தைகளில் 78 சதவீதம் பேர் ரத்தத்தில் அமிலம் ஏறி அபாய நிலையில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அங்குள்ள வைத்தியர்கள் பெரிய இயந்திரம் எதையும் வாங்கவில்லை. ஒரு சுவரொட்டி அச்சிட்டார்கள். 'உங்கள் குழந்தை மறுபடியும் படுக்கையை நனைக்கிறதா? அதிகம் தண்ணீர் குடிக்கிறதா?' என்று கேட்கும் சுவரொட்டி. அதைப் பள்ளிக்கூடங்களில் ஒட்டினார்கள். குழந்தை வைத்தியர்களுக்கு ரத்தமும் சிறுநீரும் பார்க்கும் சாதனங்களைக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அந்த 78 சதவீதம் 12.5 சதவீதமாக இறங்கியது!

பார்மாவில் முடிந்தது தென்காசியில் முடியாதா? 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. அங்கே குளுக்கோமீட்டரும் இருக்கிறது. ஒரு முறை பார்க்கும் ஸ்ட்ரிப்பின் விலை, பிரானூர் பார்டரில் தின்னும் ஒரு பரோட்டாவின் விலையை ஒட்டித்தான் வரும். இல்லாதது ஒன்றுதான்: 'குழந்தைக்கும் பார்' என்கிற எண்ணம்.

அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், காரணமில்லாத மெலிவு, ஓயாத சோர்வு என்ற நான்கு அடையாளங்களையும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். வாந்தியோடும் பெருமூச்சோடும் வரும் குழந்தைக்கு, சீட்டு எழுதும்போதே விரலில் ரத்தம் பார்த்துவிடுவதை வழக்கமாக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெரியவர்களுக்குச் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். வாசலில் நிற்கும் அந்தப் பெண் ஊழியர், "பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? யாராவது மெலிந்திருக்கிறார்களா?" என்று ஒரு கேள்வி கூடக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

எதிர்ப்பொருள் சோதனை இதற்கு அடுத்த படி. எல்லாக் குழந்தைகளுக்கும் இப்போதே செய்ய வேண்டும் என்பது பேராசை. நோய் கண்ட குழந்தையின் அண்ணன், தங்கைகளுக்கும், புதிதாகச் சர்க்கரை கண்ட ஒல்லியான வாலிபர்களுக்கும் முதலில் செய்யலாம். இன்று தனியாரிடம் அதற்கு ஆயிரக் கணக்கில் செலவாகிறது. ரத்தம் பெருநகர ஆய்வுக்கூடத்துக்குப் போய் முடிவு திரும்பி வர வேண்டும். 1965-ல் தோன்றிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியிலேயே இதை இலவசமாகச் செய்ய வழி பண்ணலாம். தென்காசியிலிருந்து திருநெல்வேலி சுமார் 55 கிலோமீட்டர். பீடி சுற்றும் தாய்க்கு அங்கே போய்வரும் நாள் கூலி இல்லாத நாள். ஆகவே ரத்தந்தான் பிரயாணம் செய்ய வேண்டும், தாய் அலையலாகாது.

"வராத நோய்க்கு இப்போதே அழ வேண்டுமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 'உன் பிள்ளைக்கு நோய் வரப் போகிறது' என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கைகழுவுவதாக இருந்தால், அந்தச் சோதனையைச் செய்யாமலிருப்பதே புண்ணியம். சொல்கிறவர்கள் கூடவே நிற்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் நாளுக்கு நான்கு முறை ரத்தம் பார்க்க ஸ்ட்ரிப் வேண்டும். மருந்தைக் கெடாமல் வைக்கக் குளிர்ப்பெட்டியோ, மண்பானையோ வேண்டும். ஊசி போடக் கற்றுத்தர ஆள் வேண்டும். இவற்றுக்கு வழி செய்த பிறகு வரும் முன்னறிவிப்புதான் வரம்.

இன்னொன்றும் உண்டு. நோய் காணும் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இது இருந்ததில்லை. எனவே 'எங்கள் வம்சத்திலேயே கிடையாது' என்று எவரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. எத்தனை தங்கச் சில்லுகள் வந்தாலும், தாயின் கண்ணும், ஆசிரியையின் கண்ணும்தான் முதல் காவல்.

அடுத்த ஆனியிலும் சாரல் வீசும். பிள்ளை இரவில் எழுந்து எழுந்து போனால், அது குளிராகவே இருக்கலாம். இருக்கட்டும். ஆனாலும் காற்றின் மேல் பழியைப் போடுவதற்கு முன், அன்றைக்கே அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் விரலில் ஒரு துளி ரத்தம் பார்த்துவிடுங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால், திரும்பும் வழியில் பையனுக்கு ஒரு நேந்திரங்காய் வற்றல் பொட்டலம் வாங்கிக் கொடுத்து அழைத்து வரலாம்.